ஒலிபெருக்கியில் ஒரு தாயின் குரல்

புவனகிரி மணவாளனுக்கு வாரநாள்களில் சிதம்பரத்தில், இருசக்கர வண்டி உதிரிபாகக் கடையில் வேலை. ஞாயிறென்றால் கையில் மைக். கடலூர்ப் பக்கம் எந்த ஊரில் கால்பந்துப் போட்டி நடந்தாலும் வர்ணனைக்கு அவனைத்தான் அழைப்பார்கள். ஆட்டத்தைச் சொல்வதோடு, ஆடுபவர்களைப் பெயர் சொல்லிக் கேலிசெய்வதும் மைக் பிடித்தவனின் கடமை. கேலியில்லாத வர்ணனைக்கு இங்கே செவிகொடுப்பார் இல்லை.

அவனுடைய உற்ற தோழன் ஆரோக்கியராஜ், கன்னியாகுமரிக் கடற்கரையில் பிறந்தவன். விசைப்படகு எஞ்சின் பழுதுபார்க்கக் கடலூர் முதுநகருக்கு வந்து, அனுப்பிரியாவை மணந்து இங்கேயே தங்கிவிட்டான். மணவாளன் சென்னைக் கால்பந்து அணியின் பக்தன். ஆரோக்கியராஜோ மஞ்சள் சட்டை கேரளா பிளாஸ்டர்ஸின் அடியான். பத்தாண்டுகளாகத் தொலைக்காட்சியின் முன்னே இருவருக்கும் ஓயாத வாய்ப்போர்.

"ன்னா மச்சான், ஒங்க மஞ்ச சட்டைக்காரனுங்க கோலைப் பாத்து அடிக்கச் சொன்னா கேலரியைப் பாத்து அடிக்கிறானுங்க?"

"லே, சும்மா இரிடே. ஒங்க ஆளுவ பந்தைக் கண்டாலே பேடிச்சி ஓடுகானுவ, கேட்டியா!"

"ஓடுகானுவளாம்! இதுக்கு ஒரு சப்டைட்டில் போடுடா."

"நீ 'இஸ்துகினு வா'ங்கியே, அதுக்கு எவம்டே போடுவான்?"

ஆரோக்கியராஜின் தாய் சூசையம்மாள் நாள்தோறும் ஊரிலிருந்து அழைப்பாள். கையெல்லாம் கிரீஸாக இருப்பதால் அவன் ஸ்பீக்கரில் போட்டுவிடுவான். "மக்களே, வயிறு நெறய சோறு தின்னியா? கடக்காத்து கொள்ளாதே, கேட்டியா!" மகனை ஊர் வழக்கப்படி 'மக்களே' என்றழைக்கும் அந்தக் குரலின் ஏற்ற இறக்கத்தை மணவாளன் அப்படியே கற்றுக்கொண்டு பேசிக்காட்டுவான். கேட்டு முதலில் சிரிப்பவன் ஆரோக்கியராஜ்தான்.

இந்த வைகாசியில் சூசையம்மாள் முதன்முறையாகக் கடலூருக்கு வந்தாள், ஒரு மாதம் தங்குவதாக. வந்த இரண்டே நாளில் தெருவில் அவளோடு பேசாதவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மகன் துறைமுக அணிக்குக் கோல் காப்பதைப் பார்க்க, கயிற்றோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் வந்தமர்ந்தாள். மணவாளன் அவளைக் கண்டான். கண்டு வணக்கமும் சொன்னான். ஆகவே, அவள் இருந்தது தெரியாது என்று பின்னர் சொல்லிக்கொள்ளவும் அவனுக்கு வழியில்லாமற் போயிற்று.

இரண்டாம் பாதியில் ஆரோக்கியராஜின் கால்களுக்கிடையே பந்து புகுந்தது. மைதானம் கேலிக்குக் காத்திருந்தது. மணவாளன் மைக்கை வாயருகே கொணர்ந்து சூசையம்மாளின் குரலை எடுத்தான்:

"மக்களே, வயிறு நெறய சோறு தின்னியா? பந்தை விட்டுட்டியே மக்களே, கேட்டியா!"

மைதானம் அதிர்ந்து சிரித்தது. மதில்மேல் இருந்தவர்கள் 'மக்களே, மக்களே' என்று திரும்பத் திரும்பக் கூவினர். சூசையம்மாள் முதலில் முகம் மலர்ந்து திரும்பிப் பார்த்தாள். தன் ஊர்க்காரி எவளோ வந்திருக்கிறாள் என்று தேடினாள். பிறகு அவளுக்கு விளங்கியது. முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். எஞ்சிய ஆட்டத்தில் மணவாளன் கோல் கணக்கை மட்டும் சொன்னான்.

மூன்று நாள் கடைக்கு வந்தும் வேலை ஓடவில்லை. அந்தத் தாய் தன் ஊர்ப்பேச்சில் இயல்பாக ஒரு சொல் சொன்னால் போதும் என்றிருந்தது. நான்காம் நாள் முதுநகர் போனான்.

"விடு மச்சான், வெளையாட்டுக்குத் தான?" என்றான் ஆரோக்கியராஜ், கடலூர்க்காரனைப் போல.

சூசையம்மாள் கூடத்துக்கு வந்தாள். "வாருங்கள் தம்பி. அமருங்கள். தேநீர் குடிக்கிறீர்களா?" மாதா கோயிலில் பைபிள் வாசகம் படிப்பவள் போல ஒவ்வொரு சொல்லையும் எடுத்து வைத்தாள்.

"நாலு நாளா எங்ககிட்டயும் இப்புடித்தான்ணே பேசுறாங்க," என்றாள் அனுப்பிரியா மெல்ல, தேநீரை அவன் முன் வைத்தபடி.

மணவாளன் எழுந்து நின்றான். "அம்மா, நான் பண்ணது பெரிய தப்பு. வர்ற ஞாயித்துக்கெழம அதே மைக்குல, எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேட்டுடறேன்."

"வேண்டாம் தம்பி. எல்லாரும் மறுபடியும் என்னைப் பார்ப்பார்கள்."

அப்போது அவளுடைய செல்பேசி ஒலித்தது. ஊரிலிருந்து மகள். சூசையம்மாள் அதை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். போகும்போது கதவைச் சாத்தித் தாழிட்டாள். உள்ளே அவள் பேசுவது அதே ஊர் ஏற்ற இறக்கத்தோடு முணுமுணுப்பாய்க் கேட்டது. சொற்கள் கேட்கவில்லை. மணவாளன் தலைகவிழ்ந்து, ஆறிப்போன தேநீரைக் குடித்து முடித்தான்.