சொந்தமில்லாத கூரை

இலங்கையில் தெரணியகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், வீட்டு மின்சாரத்தை மிச்சப்படுத்த வழி சொல்வது என் வேலை. அங்கே தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் இருட்டான லயத்து வீடுகளில் பட்டப்பகலிலும் பல்ப் எரியும். கூரையில் ஒரு தகரத்தை எடுத்துவிட்டு, வெளிச்சம் புகும் தகடு போட்டால் போதும். அனுமதி கேட்டுத் தோட்ட ஆபீசுக்கு நடந்து நடந்தே அலுத்துப்போனேன். "கூரை தோட்டத்துக்குச் சொந்தம்" என்பதே எப்போதும் பதில்.

வெறுத்துப்போய், லயத்தில் குடியிருக்கும் மல்லிகா அக்கா வீட்டில் நான் கொடுத்து வைத்திருந்த தகட்டைத் திருப்பி எடுக்கப் போனேன்.

"மேல பாருங்க மிஸ்" என்று அவர் சிரித்தார். அவரும் கணவருமே அதை மாட்டியிருந்தார்கள். குசினி அடுப்படியெல்லாம் வெளிச்சம்.

அந்த நேரம் பார்த்து, தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை வந்து நின்றார். "யாரு கூரையில கை வச்சது?"

அக்காவின் வீட்டையே பறித்துவிடுவார்களோ என்று பயந்தேன். பழியை நானே ஏற்க வாயெடுப்பதற்குள், பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லோரும் வெளியே வந்தார்கள்.

"நாங்கதாங்க வச்சோம்."

அவர் அண்ணாந்து பார்த்தார். "ஒழுகுதா?"

"இல்லீங்க."

பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தினார். "நம்ம குவாட்டர்ஸ் குசினியும் இருட்டாத்தான் கெடக்கு. ஒண்ணு கிடைக்குமா மிஸ்?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும், இந்த வேலை சலித்துப்போகும் நாட்களில், தங்களுக்குச் சொந்தமில்லாத ஒரு கூரைக்காக முன்னால் வந்து நின்ற அந்தப் பெண்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.