தகரத் துண்டு கட்டிய செடிகள்

ஜீவனஹள்ளிக்கு அப்பால் எங்களுக்கு இருந்த நிலத்தில் ஆப்பிள் மரங்கள் பட்டுப்போனதற்கு என் மாமா காரணமில்லை. நான்தான் காரணம். இதை யாரிடம் சொல்லியிருக்க வேண்டுமோ அவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

பெங்களூரில் ஆப்பிளா என்று இப்போது சிரிப்பார்கள். என் சிறுவயதில் இங்கே பல தோட்டங்களில் ஆப்பிள் காய்த்தது. குளிர் போதாத ஊர் என்பதால் மரத்தைக் கொஞ்சம் ஏமாற்ற வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் இலைகளையெல்லாம் கையால் உருவிவிடுவார்கள். கடுங்குளிர் வந்துவிட்டதென்று நம்பி மரம் உறங்கும். பிறகு விழித்துப் பூக்கும்.

நாங்கள் மர்பி டவுனில் குடியிருந்தோம். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அம்மாவின் தம்பி குன்னூரில் ஒரு பழத்தோட்டத்தில் வேலை பார்த்தார். அம்மாவுக்குத் தாய் தகப்பன் இல்லை. பிறந்த வீடு என்று இருந்தது அந்தத் தம்பி ஒருவர்தான். அப்பாவுக்கு ஆப்பிள் ஆசை வந்தபோது, கிறிஸ்துமஸுக்கு வந்த மாமா ஈரச் சாக்கில் சுற்றி வேர்ச்செடிகள் கொண்டுவந்தார். அவற்றின் தலையை வெட்டிவிட்டு, நல்ல ரகத்துக் குச்சியை ஒட்டுக் கட்ட வேண்டும். செடிகள் சவலைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

“என்ன மச்சான், குன்னூர்ல இதுக்குச் சோறு போடலியா?” என்றார் அப்பா.

“மேல எதை வேணா ஒட்டிக்கலாம். பஞ்சுப் பூச்சின்னு ஒண்ணு இருக்கு, மண்ணுக்குள்ள போய் வேரை உறிஞ்சும். இந்த வேரை மட்டும் அது தொடாது” என்றார் மாமா.

என்னிடமும் செடிகள் இருந்தன. தின்ற ஆப்பிளின் விதைகளைப் பால்பவுடர் டின்களில் போட்டு நானே வளர்த்தவை. மாமாவின் செடிகளைவிடத் தடிமனாக இருந்தன. அவற்றையும் வைக்கலாமா என்று கேட்டேன். மாமா ஒரு செடியைத் தூக்கிப் பார்த்தார்.

“மாப்ளே, உன் புள்ளைங்க பாக்க ஜோரா இருக்காங்க. ஆனா பூச்சிக்கு இது பிரியாணி. வெந்நி அடுப்புக்குத்தான் ஆகும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாகூட. நான் அழுததைப் பார்த்து, ஒட்டுக் கட்டும் நாள் வரைக்கும் இருக்கட்டும் என்று என் செடிகளையும் சேர்த்தே நட்டார் மாமா. கொல்லையில் இடம் குறைவு. ஒரே பாத்தியில் கலந்து நட வேண்டியிருந்தது. அடையாளத்துக்காகப் பால்பவுடர் டின்னை வெட்டி, தன் செடிகள் ஒவ்வொன்றிலும் ஒரு தகரத் துண்டைக் கம்பியால் தளர்வாகக் கட்டினார். கம்பியின் முனைகளை உட்பக்கமாக மடித்து விட்டார்.

“நீட்டிக்கிட்டிருந்தா பையன் கையைக் கிழிச்சிடும்க்கா” என்று அம்மாவிடம் சொன்னார்.

மறு வருடம் மழை ஓய்ந்ததும், “நாளைக்கு ஒட்டுக் கட்டப் போறேன். எல்லாத்துக்கும் இலையை உருவிடு. காலையில தகரம் இல்லாததைப் பிடுங்கி அடுப்புல போடு” என்றார் அப்பா. உருவி முடித்தபோது எல்லாச் செடிகளும் வெறும் குச்சிகளாக நின்றன. எனக்கு மட்டும்தான் எது என்னுடையது என்று தெரியும். அப்பா டீச்சர்கள் கூட்டத்துக்குப் போயிருந்தார். நான் தகரங்களைக் கழற்றி என் செடிகளுக்கு மாட்டினேன். கம்பியை எனக்குத் தெரிந்தவிதமாக முறுக்கிவிட்டேன்.

காலையில் மாமாவின் செடிகளைப் பிடுங்கி வெந்நீர் அடுப்பில் திணித்தேன். பச்சைக் குச்சி, ஒரே புகை. கொல்லைக்கு வந்த அப்பா பாத்தியைப் பார்த்து, “உங்க மாமன் செடி நல்லா தேறிடிச்சுடா” என்றார்.

ஒட்டுப் பிடித்ததும் செடிகளைத் தகரத்தோடேயே நிலத்துக்குக் கொண்டுபோய் நட்டார் அப்பா. மரங்கள் நன்றாகவே வளர்ந்தன. முதல் காய்ப்பை அறுப்பின் பண்டிகைக்குக் கோவிலில் படைத்தோம். ‘வாத்தியார் ஆப்பிள்’ என்று சபையில் பேர். அப்பா அன்று உட்காரவே இல்லை. அடுத்த மழைக்குப் பின் தண்டுகளில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டத் தொடங்கியது. இலைகள் வெளுத்தன. அப்பா ஒரு மரத்தைத் தோண்டினார். வேர் முழுக்க முண்டு முண்டாக, வாதக்காரனின் விரல்களைப் போல இருந்தது.

செய்தி போய் மாமா வந்தார். அம்மா சோறு வடித்துக் கறிக்குழம்பும் வைத்திருந்தாள். அவர் சாப்பிடாமல் நேரே நிலத்துக்கு நடந்தார்; நாங்களும் போனோம்.

“மண்ணுக்குள்ள இருக்கிறது யாருக்குத் தெரியப்போகுதுன்னு தோட்டத்துக் கழிவைத் தள்ளிட்டியா?” என்றார் அப்பா. “கூடப் பொறந்தவளுக்கே செய்றியே, நீ மனுசனா?”

“தகரம் கட்டினதைத்தானே வெச்சீங்க?”

“தகரத்தை நீயே பாரு, தொங்குது.”

மாமா என்னைப் பார்த்தார். “நீயும் கூட இருந்தியா, மாப்ளே?”

“தகரம் கட்டினதுதான் மாமா” என்றேன். நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அவர் குனிந்து ஒரு தகரத்தைக் கையில் எடுத்தார். கம்பி முனை வெளியே துருத்திக்கொண்டிருந்தது. கட்டைவிரலால் அதைத் தடவினார். அடுத்த மரத்துக்குப் போனார். அங்கேயும் தடவினார். பிறகு நிமிர்ந்து, அப்பாவை விட்டு அம்மாவைப் பார்த்துப் பேசினார்.

“நான்தான் செடிக்கட்டை மாத்தி எடுத்தாந்துட்டேன் போலக்கா.”

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இனி வாசலில் கால் வைக்கக்கூடாது என்றார் அப்பா. மாமா அங்கிருந்தே ரயிலுக்குப் போய்விட்டார். வடித்த சோற்றை அம்மா நாய்க்குப் போட்டாள். அதற்குப் பின் அக்காவும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. குன்னூரில் அவரை அடக்கம் செய்த பிறகுதான் எங்களுக்குத் தகவல் வந்தது. அம்மா அடுப்படியில் உட்கார்ந்து, “துரோகி, சொல்லாமப் போயிட்டான்” என்று அழுதாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. தன் தம்பி ஏமாற்றிவிட்டான் என்ற நினைப்போடுதான் அவளும் கண்ணை மூடினாள்.

அன்று நிலத்தில் நின்றபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. மாமாவே ஒப்புக்கொண்டுவிட்டாரே, ஒருவேளை அவர் நிஜமாகவே கட்டு மாற்றித்தான் கொண்டுவந்தாரோ என்றுகூட நினைத்துக்கொண்டேன். போகும்போது அவர் ஒவ்வொரு மரமாகக் குனிந்து, கம்பி முனைகளை உட்பக்கமாக மடித்துவிட்டுப் போனார். சாகப்போகிற மரத்துக்கு எதற்கு இந்த வேலை என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.