அக்கா உழுத நிலம்

அப்பாவின் காரியம் முடிந்த மறுவாரமே மலையிலிருந்து அக்கா போன் செய்தாள். "தம்பி நிலத்தை விட்டுப் போகச் சொல்றான்டி. நான் எங்க போவேன்?"

எங்கள் ஊர் கல்வராயன் மலையில். நான் நர்ஸ் வேலை கிடைத்து நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டேன். புருஷன் கைவிட்டதும் அப்பாவிடம் திரும்பிய அக்கா, பதினெட்டு வருஷமாக அந்த இரண்டு ஏக்கரில் மரவள்ளியும் சாமையும் போட்டாள். தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான், மண்வெட்டியைத் தொட்டவனில்லை.

எதிர் பிளாக்கில் இருப்பவள் முத்தாண்டிக்குப்பத்துக்காரி. அண்ணன்களிடம் கேட்டு முந்திரித் தோப்பில் தன் பங்கை வாங்கியவள். "பொண்ணுக்கும் சமபங்குன்னு சட்டமே இருக்குதுக்கா, தைரியமா கேளுங்க" என்று வடலூரில் தன் வக்கீலிடம் அனுப்பிவைத்தாள்.

ஷிப்ட் முடிந்த கையோடு போய் உட்கார்ந்தேன். என் சாதிச் சான்றிதழைப் பார்த்ததும் வக்கீல் பேனாவை மூடினார்.

"பழங்குடிங்களா? அப்ப அந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாதுங்க. உங்க ஊர் வழக்கம்தான். கோர்ட்டுக்குப் போலாம், ரொம்ப நாள் இழுக்கும்."

எனக்கு வேலை வாங்கித் தந்ததும் அதே சான்றிதழ்தான். கோபப்படக்கூடத் தெம்பில்லை.

அடுத்த ஞாயிறு மலையேறினேன். எங்கள் ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் வீட்டு வாசலில் ஆண்கள் கூடினார்கள்.

"பொம்பளைக்கு நிலம் குடுத்தா வேற குலத்துக்குப் போயிடும். நம்ம வழக்கத்துல அது இல்ல" என்றார் அவர்.

"அக்கா எந்தக் குலத்துக்குப் போனா? இங்கதானே கெடந்து உழைச்சா?" என்றேன்.

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மத்தியானம்வரை பேசி ஒரு காகிதம் எழுதினார்கள். அக்கா உயிரோடு இருக்கும்வரை பாதி நிலத்தில் பயிர் வைத்துக்கொள்ளலாம். விற்கவோ யாருக்கும் கொடுக்கவோ உரிமையில்லை. பட்டா தம்பி பெயருக்கு.

படிக்கத் தெரியாத அக்கா அதை என்னிடம் நீட்டினாள். "என் பேரு எங்க இருக்குது, காட்டு."

இரண்டு முறை படித்தேன். 'மேற்படியாரின் சகோதரி' என்று மட்டும்தான் இருந்தது.

"இல்லக்கா."

அவள் கைநாட்டு வைக்கவில்லை. "கிழங்கு இன்னும் மண்ணுக்குள்ள இருக்குது. அதை எடுத்துட்டு வரேன். கோர்ட்டுல கேஸ் போடு" என்றாள்.

போட்டோம். மூன்றாவது வருஷமாக வாய்தாவுக்குப் போய்வருகிறோம். நான் ஷிப்ட் மாற்றிக்கொண்டு போகிறேன். அக்கா மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வருகிறாள். வராந்தா பெஞ்சில் என் தோளில் சாய்ந்தபடியே தூங்கிவிடுகிறாள். எங்கள் முறை வந்தால் எழுப்ப வேண்டுமே என்று நான் விழித்திருக்கிறேன்.