இராசமலர் வரைந்த விமானம்

பம்மலில் ஒரு நர்சரிப் பள்ளியில் ஆயாவாக இருந்த இராசமலர், வவுனியாவில் சித்திர டீச்சராக இருந்தவள். எண்பத்தைந்தில் படகேறி வந்தபோது சான்றிதழ்கள் கடலோடு போயின. யாராவது உச்சுக்கொட்டினால், "கை இருக்குத்தானே" என்பாள்.

தொண்ணூறில் அங்கே சண்டை மறுபடி மூண்டது. அந்த ஆண்டு துஷாந்தி என்ற ஆறு வயது அகதிச் சிறுமி பள்ளியில் சேர்ந்தாள். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் பம்மல் கூரைகளை உரசுவதுபோலத் தாழப் பறக்கும். முதல் நாள் அந்தச் சத்தம் கேட்டதுமே, "பொம்மர் வருது!" என்று அலறி அவள் பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொண்டாள். குண்டு போடும் விமானத்துக்கு அவள் ஊரில் அதுதான் பெயர். வகுப்பே சிரித்தது. இராசமலர் தானும் பெஞ்சுக்கு அடியில் போய், சத்தம் அடங்கும்வரை அவளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அந்த வாரமே சட்டைப்பெட்டி அட்டைகளை வெட்டி ஒரு படப்புத்தகம் செய்தாள். ஒரு சிறுமி, படகு, மண்டபம் முகாம், தாம்பரம் வரும் ரயில். ஏழாம் பக்கத்தில் பெரிய விமானம். தூங்கி வழியும் பாப்பா, பிஸ்கட் தின்னும் தாத்தா என்று ஜன்னலுக்கு ஒரு முகம்.

தலைமை ஆசிரியை சாமுண்டீஸ்வரி தயங்கினார். "சண்டை, அகதினு சின்னப் பசங்களுக்கு எதுக்கு? பேரண்ட்ஸ் கம்ப்ளெயின்ட் பண்ணுவாங்க."

"பயந்த பிள்ளைக்குப் பயம் போகோணும், டீச்சர். சிரிச்ச பிள்ளையளுக்கு விளங்கோணும். ஒருக்கா வாசிச்சுக் காட்டுறன். பிழையெண்டால் நானே கிழிச்சுப் போடுறன்."

வாசித்தாள். படகுப் பக்கம் வந்ததும் துஷாந்தி எழுந்துவிட்டாள். "இவ்வளவு இடம் இல்லை. நாங்கள் நெருக்கிக்கொண்டு இருந்தனாங்கள்."

இராசமலர் பென்சிலை அவளிடமே நீட்டினாள். துஷாந்தி படகு நிறையத் தலைகளை வரைய, சிரித்த பிள்ளைகள் மூச்சு விடாமல் பார்த்தார்கள்.

ஏழாம் பக்கம் திறந்தபோது நிஜ விமானமே வந்தது. துஷாந்தி சட்டென்று குனிந்தாள். பக்கத்தில் இருந்த எல்லம்மா, தோல் பதனிடும் தொழிலாளியின் மகள், அவள் கையைப் பிடித்து ஜன்னலுக்கு இழுத்தாள்.

"பயப்படாதே, ஒண்ணியும் ஆவாது. சக்கரத்த வுட்டுக்கினு கீது பாரு. எறங்கப் போவுது!"

துஷாந்தி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். சக்கரம் தெரிந்தது. "பிஸ்கட் தாத்தா உள்ளுக்கு இருக்கிறாரோ?" என்று கேட்டாள்.

வாசலில் நின்றிருந்த சாமுண்டீஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த மாதமே இராசமலர் அந்தப் பள்ளியின் டிராயிங் டீச்சர் ஆனாள். படப்புத்தகம் தாம்பரத்தில் ஏகநாதனின் அச்சகத்துக்குப் போனது.

"அட்டைல உங்க பேருக்குக் கீழ எந்த ஊரு போடறது, டீச்சரம்மா? வவுனியாவா, பம்மலா?" என்று கேட்டார் ஏகநாதன்.

"ரெண்டையும் போடுங்கோ, அண்ணை" என்றாள் இராசமலர். "எழுத்து மட்டும் ஒரே அளவா இருக்கோணும்."