மூடியைத் திறந்தவன்

கனத்த இரும்புச் சட்டி அது. அடியில் மூன்று குட்டைக் கால்கள், மேலே தட்டையான மூடி, மூடியைச் சுற்றி விரலளவு உயரத்தில் ஒரு விளிம்பு. மூடியின் மேல் கொட்டும் தணல் சரிந்து விழாமல் இருக்க அந்த விளிம்பு. மலாயாவில், செமிலிங் பக்கத்தில் இருந்த எங்கள் எஸ்டேட் துரையின் மனைவி ஓர் அயர்லாந்துக்காரி. தன் ஊரிலிருந்து கப்பலில் அதைக் கொண்டுவந்திருந்தாள். பங்களாவில் பெரிய அடுப்பு இருந்தும், வாரத்தில் ஒருநாள் தன் தாயார் சுட்டது போலவே அந்தச் சட்டியில் ரொட்டி சுடவேண்டும் என்பாள். சுட்டுக் கொடுத்தவர் என் மச்சான், அக்காவின் கணவர், பங்களாவின் சமையல்காரர். ஜப்பான் சண்டை வந்து துரையும் துரைசானியும் பினாங்குக்கு ஓடியபோது, திரும்பி வரும்வரை சட்டியை நீயே வைத்துக்கொள் என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனாளாம். அவள் வரவில்லை. சட்டி எங்கள் லயத்து வரிசை வீட்டின் பின்புறத்துக்கு வந்து சேர்ந்தது.

அந்த ரொட்டிக்கு மாவைப் புளிக்கவைக்கும் கள் வேண்டாம், மாவு பொங்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். கோதுமை மாவு, உப்பு, ஒரு கரண்டி சோடா உப்பு, நன்றாகப் புளித்த மோர். மச்சான் அதைப் பிசைவதே கிடையாது. விரல்களை விரித்து, கோழி குப்பையைக் கிளறுவது போல நாலு சுற்றுச் சுற்றி, அள்ளி உருட்டிவிடுவார். "சப்பாத்தி மாதிரி பிசைஞ்சா கல்லுதான் மாப்ளே. சோடாவும் மோரும் ஒண்ணு சேர்ந்துட்டா யாருக்கும் காத்திருக்காது" என்பார். உருண்டையின் தலையில் குறுக்கும் நெடுக்குமாகக் கத்தியால் ஆழமாக இரண்டு கீறல். அதைப் பார்த்ததும் துரைசானி நெற்றியையும் மார்பையும் தொட்டுச் சிலுவை போட்டுக்கொள்வாளாம். இதையும் மச்சான்தான் சிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நான் அப்போது எஸ்டேட் ஆபீசில் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. இருபத்துமூன்று வயது, அக்கா வீட்டுச் சோறு, யாரைக் கண்டாலும் பயம். ஜப்பான்காரன் வந்த வாரமே வீட்டுக்குப் பின்னால் நான் புதைத்தவை: என் பள்ளிக்கூடச் சான்றிதழ், ஓர் இங்கிலீஷ் அகராதி, கழுத்து டை ஒன்று, இங்கிலாந்து ராஜா படம் போட்ட பிஸ்கட் தகரம். ஆழமாகத் தோண்டப் பொறுமையில்லை. ஆகவே அக்காவின் கோழிகள் ராஜாவை நாளுக்கொரு முறை வெளியே எடுத்துக் காற்று வாங்கவைத்தன. எங்கள் நாயின் பெயர் டாமி. வெள்ளைக்காரச் சிப்பாயையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று யாரோ சொல்ல, அன்றே அதற்குக் கருப்பன் என்று பெயர் மாற்றினேன். அது வெள்ளை நாய். புதுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பியும் பாராது. எங்கள் எஸ்டேட்டில் ஜப்பான்காரனுக்கு அடங்காமல் நின்ற ஒரே ஜீவன் அதுதான். "அடுத்து என் பேரையும் மாத்திருவியாடா?" என்று கேட்டாள் அக்கா. இதுவரை சொன்னால் கேட்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். இருபத்தைந்து வருடங்களாகக் கல்யாண வீடுகளிலும் காப்பிக் கடைகளிலும் இதைச் சொல்லி வருகிறேன். எப்போதும் இந்த இடத்திலேயே நிறுத்திவிடுவேன்.

சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று லாரி வரத் தொடங்கிய பிறகு சிரிக்க ஒன்றும் இல்லை. மூன்றே மாதம், நல்ல சாப்பாடு என்றார்கள். மூன்று மாதம் கழிந்தும் முதல் லாரியில் போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. இரண்டாவது லாரிக்குப் பெயர்ப் பட்டியல் எழுதும் வேலை என்னிடம் வந்தது. மச்சானின் பெயருக்கு நேரே ‘பங்களா வேலை’ என்று போட்டு அவரை ஒதுக்கிவைத்தேன். அக்காவுக்கு அப்போது ஏழு மாதம். பங்களாவில் குடியேறியிருந்த ஜப்பான் அதிகாரி பட்டியலில் அந்த வரியைப் பார்த்துவிட்டான். எனக்குச் சமைக்க என் சிப்பாய் இருக்கிறான், இவன் என்ன வேலை செய்கிறான் என்று உடைந்த மலாயில் கேட்டான். என் நாக்கு என்னைக் கேட்காமலே பதில் சொன்னது: "ரொட்டி சுடுவார், துவான். வெள்ளைக்கார ரொட்டி." அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவனுக்கு வயிற்றுக் கோளாறு, சோறு தங்குவதில்லை. நாளை மதியம் கொண்டுவா, நன்றாக இருந்தால் குசினியில் சமையல் வேலை, இல்லாவிட்டால் லாரி என்றான். வெளியே வாசலில் லாரி நின்றுகொண்டிருந்தது.

துரைசானி விட்டுப்போன டின்னில் மிச்சமிருந்த மாவு ஒரே ஒரு ரொட்டிக்கு வந்தது. அக்கா அதைப் பழைய சேலைத் துணியில் மூன்று முறை சலித்து வண்டு எடுத்தாள். முகர்ந்து பார்த்து, வாசனை கெடவில்லை என்றார் மச்சான். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸர், "வயித்துவலின்னு எழுதிக்கிறேன்" என்று சொல்லிச் சோடா உப்பைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். மாடு வைத்திருந்த லயத்துக்காரர் மோர் கொடுத்தார். மச்சான் தேங்காய்ச் சிரட்டையைக் கனலாக்கி, கலக்கி, உருட்டி, கீறி, சட்டியில் இறக்கி, மேலும் கீழும் தணல் போட்டு மூடினார். எல்லாம் ஒரு சுருட்டுக் குடிக்கிற நேரம். பிறகு குளித்துச் சட்டை மாற்றிக்கொள்ளக் கிளம்பினார். "கனலை மட்டும் விசிறிக்க மாப்ளே. மூடியைத் தொறக்காதே" என்றார்.

நான் மூடியைத் திறந்தேன். வெந்துவிட்டதா என்று பார்க்கத்தான். உள்ளே ரொட்டி உப்பி, அந்தக் கீறல் நாலு பக்கமும் விரிந்து, ஒரு பெரிய வெள்ளைச் சிலுவையாக என்னை அண்ணாந்து பார்த்தது. இதைத் தட்டில் வைத்து ஜப்பான்காரனுக்கு முன்னால் நீட்டினால் மச்சான் தலை மட்டுமா போகும், சின்னக் கிராணி தலையும் சேர்ந்தல்லவா போகும்? பாத்திரத்தில் ஒட்டியிருந்த மாவை மோரில் குழைத்தேன். கரண்டியின் பின்புறத்தால் கீறலை அழுத்தி, மெழுகி, அடைத்தேன். சுவரில் வெடிப்பைப் பூசும் கொத்தனார்கூட அத்தனை சுத்தமாகச் செய்திருக்கமாட்டார். மறுபடி மூடித் தணலைக் குவித்தேன். கடைசியில் எடுத்தபோது ரொட்டி பொன்னிறமாக, ஒரு தழும்பும் இல்லாமல் வழுவழுவென்று இருந்தது. குடும்பத்தையே காப்பாற்றிவிட்ட பெருமையில் நின்றுகொண்டிருந்தேன்.

ஈரத் தலையோடு வந்த மச்சான் குனிந்து பார்த்தார். "கோடு எங்கடா?"

"அழிச்சிட்டேன் மச்சான். அது வெள்ளைக்காரன் சாமி அடையாளம் லா. அவன் கண்ணுல பட்டா நம்ம கதை முடிஞ்சது."

"சாமியாவது ஒண்ணாவது. நடு வேகுறதுக்குடா அது. சூடு உள்ள போற வழிடா."

ரொட்டியைக் கவிழ்த்து அடியில் விரலால் தட்டினார். வெந்திருந்தால் காலி டின்னைத் தட்டிய சத்தம் வரும். இது ஈர மண்ணைத் தட்டியது போலிருந்தது. திரும்பச் சட்டியில் வைக்க நேரமில்லை. லயத்து முனையில் சைக்கிளோடு நின்ற சிப்பாய் கத்த ஆரம்பித்துவிட்டான். மச்சான் என்னைத் திட்டவில்லை. திட்டுவதற்கும் நேரமில்லை. "வா. நடந்ததை நடந்தபடி சொல்லுவோம். அவன்கிட்ட மாவு இருக்கும். இன்னொரு தடவை சுட்டுக் காட்டிட்டாப் போச்சு" என்று ரொட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

பங்களாவின் சாப்பாட்டு அறையில் அதிகாரி உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பின்னால், சுவரில், துரைசானி கழற்றாமல் விட்டுப்போன முழ நீள மரச்சிலுவை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அதன் ஒரு கையில் அவனுடைய தொப்பி. இத்தனை மாதங்களாகத் தினமும் அதற்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். அவனுக்கு அது ஓர் ஆணி. அதற்குமேல் ஒன்றுமில்லை. நான் அந்தத் தொப்பியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கத்தி நடுவில் இறங்கியது, பசை ஒட்டிக்கொண்டு வெளியே வந்தது. "மெந்தா" என்றான். வேகாத பச்சை என்று பொருள். கோபப்படவில்லை, சிரித்தான். கத்தியைத் துணியில் துடைத்தான். அவனிடம் யாரும் நேராகப் பேசக்கூடாது, கிராணி மூலமாகத்தான் பேசவேண்டும். மச்சான் கைகட்டி நின்றபடி என் பக்கம் லேசாகச் சாய்ந்தார். "சொல்லு மாப்ளே. நான் கோடு போட்டேன், நீ தெரியாம அடைச்சிட்டே. மாவு குடுத்தா இப்பவே சுட்டுத் தர்றேன்னு சொல்லு."

இரண்டே வாக்கியம். மலாயில் எனக்கு நன்றாகச் சொல்ல வரும். ஆனால் கெடுத்தவன் நான் என்று சொன்னால் லாரியில் ஏறப்போவது யார்? இந்தக் கேள்வி ஒன்றுதான் மண்டைக்குள் இருந்தது. வாயைத் திறந்தேன். "ஆம்புன், துவான்" என்று வந்தது. மன்னித்துவிடுங்கள், ஐயா என்று பொருள், மச்சானே கேட்பது போல. வேறு எதுவும் வரவில்லை.

மச்சானுக்கு மலாய் அதிகம் தெரியாது. சந்தையில் மீன் வாங்கும் அளவுக்குத்தான் பேசுவார். அந்தச் சொல்லைப் புரிந்துகொள்ள அது போதும். முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். "அவ்வளவுதானா மாப்ளே?" என்று மெதுவாகக் கேட்டார். அதிகாரி தலையை வாசல் பக்கம் ஆட்டினான்.

லாரி லயத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். பின்தட்டுக்கு மேலாக எட்டி மச்சான் அவளிடம் சொன்னது எனக்கும் கேட்டது: "மாவு பழசாப் போச்சு புள்ள. தம்பிய வீட்டுல வச்சுக்க." அவர் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் இத்தனை வருடங்களில் அவரையாவது கொஞ்சம் வெறுத்திருப்பேன். அந்த வசதியையும் அவர் எனக்குத் தரவில்லை. சண்டை முடிந்து எலும்பும் தோலுமாகத் திரும்பிய சிலரிடம் விசாரித்தோம். எந்த முகாமில் என்றுகூட யாருக்கும் தெரியவில்லை.

மச்சான் போன இரண்டாம் மாதம் பெண் பிறந்தது. இன்று அவள் பீடோங்கில் பள்ளிக்கூட ஆசிரியை. அக்காவுக்கு எழுத்துத் தெரியாது. சாயந்தரம் தேநீர் ஆனதும் மகள் பத்திரிகையை உரக்கப் படிப்பாள், அக்கா கண்ணை மூடிக் கேட்பாள். நான் அவ்வப்போது எழுதி அனுப்புவது ஏதாவது என் பெயரில் வந்திருந்தால் முதலில் அதைத்தான் படிக்கச் சொல்வாள், என் தம்பி சிரிக்கச் சிரிக்க எழுதுவான் என்று. மச்சானைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஒரே வார்த்தைதான். "அவரு கை தப்பாது. அன்னிக்கு அந்த மாவு மட்டும் நல்லா இருந்திருந்தா... என்ன தம்பி?" நானும், "ஆமாக்கா" என்பேன். போன வாரம்கூடச் சொன்னேன்.

மாவு நன்றாகத்தான் இருந்தது, அக்கா.

பத்திரிகையில் வரப்போகும் இதை உன் மகள் உனக்குப் படித்துக்கொண்டிருக்கும்போது நானும் அந்த வீட்டில் இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் எழுத முடிகிறது. இருப்பேன் என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை.