பென்சிலில் எழுதிய நான்கு வரி

2005 ஆவணி. காலை ஆறரைக்கு வவுனியாவில் பஸ் ஏறினேன். கிளிநொச்சிக்கு நூறு ரூபா. எண்பது கிலோமீற்றர் கூட இல்லை, ஆனால் ஓமந்தையில் இரு தரப்புச் சோதனைச்சாவடிகளிலும் இறங்கி ஏறியதில் கால் கடுத்துவிட்டது. பக்கத்தில் இருந்த வியாபாரி என்ன அலுவல் என்று கேட்டார். கண்டியிலிருந்து புத்தகம் தேடிப் போகிறேன் என்றேன்.

"கண்டியில புத்தகம் இல்லாமலோ இஞ்ச வாறியள்?" என்று சிரித்தார்.

கண்டியில் புத்தகம் நிறைய உண்டு. வேற்றுப் பண்பாட்டு மனிதரோடு பேசும்போது எது அறம், எது அத்துமீறல் என்பதுதான் என் முதுகலை ஆய்வு. கிடைத்த நூல்களில் எல்லாமே வெளிநாட்டு உதாரணங்கள். "இந்த மண்ணிலிருந்து ஒரு சான்றாவது கொண்டுவா, இல்லாவிட்டால் அந்த அத்தியாயத்தை வெட்டு" என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். மூன்று மாதம் மாய்ந்து மாய்ந்து எழுதிய அத்தியாயம் அது.

பதினொன்றுக்குக் கிளிநொச்சி. நான் போன வாசிகசாலை ஒரே ஒரு நீள அறை. நூலகர் அண்ணை அலுமாரியைக் குடைந்து ஒரு ஆங்கிலக் கைநூலை எடுத்துத் தந்தார். சுனாமி உதவிக்கு வந்த வெளிநாட்டவர்களுக்காக அச்சிட்டது. தமிழரோடு எப்படிப் பழகுவது என்று விளக்குகிறது. இரவல் வாங்கிய ஊரவர்கள் ஓரங்களில் பென்சிலால் பதில் எழுதி வைத்திருந்தார்கள். 'விருந்தை மறுப்பது நாகரிகமல்ல' என்ற இடத்தில், 'மறுக்கலாம், ஆனால் கோழி அறுத்தாச்சு' என்றிருந்தது. வாய்விட்டுச் சிரித்தேன்.

'மொழிபெயர்ப்பவர், பேசுபவர் சொன்னதை மாற்றாமல் சொல்ல வேண்டும்' என்ற பக்கத்தில் சிரிப்பு நின்றது. பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த ஒரு தாய் சொன்னதை வெள்ளைக்காரருக்கு ஏன் மாற்றிச் சொன்னேன் என்று யாரோ எழுதிய நான்கு வரி. நான் தேடி வந்த சான்று! அண்ணை பேப்பர்க் கட்டு வாங்க வாசலுக்குப் போன நேரம் அவசர அவசரமாக அதை என் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

திரும்பி வந்தவரிடம் ஒன்றும் நடக்காததுபோல் அனுமதி கேட்டேன்.

"மற்றதெல்லாம் பகிடி, எடுங்கோ. இது ஒரு ரீச்சர் எழுதினது. முல்லைத்தீவுக் கரையில இருக்கிறா. அவவைக் கேக்காமல் தரமாட்டன், தங்கச்சி."

வரிகள்தான் கொப்பியில் இருக்கின்றனவே, இனி அனுமதி வெறும் சடங்கு என்ற நினைப்போடு ஒரு மணி பஸ்ஸில் ஏறினேன். பரந்தனில் திரும்பி, முரசுமோட்டை வயல்களையும் தர்மபுரத்தையும் தாண்டி முல்லைத்தீவுக் கரைக்குப் போய்ச் சேர நாலு மணியாயிற்று.

ரீச்சர் தகரக் கொட்டிலில் இருந்தார். சுவரில் மாதா படம். கதிரை போட்டு, தேத்தண்ணி தந்து, நான் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"அந்தத் தாய் முன்வீட்டிலதான் இருக்கிறா. நான் மாத்திச் சொன்னது இண்டைக்கும் அவவுக்குத் தெரியாது. நீங்கள் அந்த வரியளை எழுதி எடுத்திட்டீங்களோ?"

பொய் சொல்லியிருக்கலாம். "எடுத்துட்டேன் டீச்சர்" என்றேன்.

"பிறகு என்னத்தைக் கேக்க வந்தனீங்கள்?"

வெட்கமாகப் போயிற்று. கொப்பித் தாளைக் கிழித்துக் கொடுத்தேன். குசினிக்குள் போய் அதை அடுப்பில் வைத்துவிட்டு வந்தார். புத்தகத்தில் இருப்பதையும் அழித்துவிடச் சொன்னார்.

"அந்த வரியளை விட்டிட்டு மற்றதை எழுதுங்கோ. எங்கட பேர் வேண்டாம்."

கடைசி பஸ் போய்விட்டதால் அன்று அங்கேயே தங்கினேன். மறுநாள் கிளிநொச்சியில் அழிறப்பர் வாங்கி, சொன்னபடி அழித்தேன். அந்த வரிகள் இல்லாமல் அத்தியாயம் நிற்காது என்பதால், கண்டிக்கு வந்து அதையும் வெட்டினேன். இரண்டும் வலித்தன. ஆனால் என்னால் மறக்க முடியாதது, ரீச்சர் வீட்டிலிருந்து புறப்பட்ட அந்தக் காலையில் நடந்தது.

ஆறு மணி பஸ்ஸுக்குப் புறப்படுகிறேன். விருந்தாளி வந்திருப்பதை அறிந்து முன்வீட்டு அம்மா பிட்டும் மீன்பொரியலும் பார்சல் கட்டிக் கொண்டுவந்தார். என்ன விசயமாக வந்தேன் என்று கேட்டார்.

"புத்தகம் தேடி வந்தேன் அம்மா."

"கிடைச்சதோ?"

அந்த நான்கு வரியும் எனக்கு மனப்பாடம். ரீச்சர் வேலிப் படலையைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கிடைக்கல்லைம்மா" என்றேன்.

"அதுக்கென்ன, அடுத்தமுறை கிடைக்கும். திரும்ப வாங்கோ" என்று அந்த அம்மா என் தலையைத் தடவினார்.