லிஃப்ட்காரரின் நாலாவது கம்பி

எந்த அறைக்குள் நுழைந்தாலும் லிஃப்ட்காரர் வாசலில் ஒரு கணம் நின்று, வலது காலால் தரையை ஒருமுறை அழுத்திப் பார்ப்பார். தரை இறங்காது என்று உறுதியான பிறகுதான் இடது கால் உள்ளே வரும். இருபத்தெட்டு வருஷமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவரின் கால் அது. எங்கள் ஒத்திகை அறை தரைத்தளத்தில் இருக்கிறது, அதற்குக் கீழே வெறும் மண்தான் என்று பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டோம். "எனக்குத் தெரியும் சார். காலுக்குத்தான் தெரிய மாட்டேங்குது" என்பார்.

அவரைப் போல யாருக்கும் தொந்தரவு தராமல் வாழ மெனக்கெடும் மனிதரை நான் பார்த்ததில்லை. தும்மல் வந்தால் கைக்குட்டையை நாலாக மடித்து அதற்குள் தும்முவார். நாற்காலியை இழுக்க மாட்டார், தூக்கி வைப்பார். போன் வந்தால் வெளியே போய்க் கிசுகிசுப்பார்; மறுமுனையில் இருப்பவர் காதில் விழாமல் "என்ன? என்ன?" என்று கத்துவார். கடைசியில் ஊருக்கே கேட்பது மறுமுனைதான்.

இப்படிப்பட்டவர் வாசிப்பது பேஸ் கிடார். நாலே கம்பிகள். பாட்டைக் கேட்கிறவர்கள் அதைக் கவனிப்பதில்லை. அது இல்லாவிட்டால் மட்டும் என்னவோ குறைகிறது என்று முகம் சுளிப்பார்கள். கண்ணில் படாமல் உழைப்பதற்கு இதைவிடத் தோதான வாத்தியம் கிடையாது என்பதால்தான் அவர் அதைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

நாங்கள் நாலு பேர். டிரம்ஸ் வாசிப்பவர் ஒரு டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஞாயிறு காலை பத்து மணிக்கு அவருடைய வகுப்பறையில்தான் ஒத்திகை. சுவர் முழுக்கச் சாலை விதிப் பலகைகள். டிரம்ஸுக்கு நேர் மேலே 'ஒலி எழுப்பத் தடை' என்ற பலகை தொங்கும். பாடுகிறவர் மருந்துக்கடை வைத்திருக்கும் பெண்மணி. நான் கீபோர்டு.

பிரச்சினையை முதலில் சொன்னது மருந்துக்கடை அம்மாதான். ஒரு ஞாயிறு, பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, "அண்ணே, நடுநடுவுல எனக்குக் கீழ இருக்கிற தரை காணாமப் போகுது. நான் எதுமேல நின்னு பாடறது?" என்று கேட்டார்.

தரை என்ற சொல்லைக் கேட்டதுமே லிஃப்ட்காரர் வெளிறிப்போனார். ஒவ்வொரு கம்பியாக மீட்டிப் பார்த்தோம். முதல் மூன்றும் கணீரென்று பேசின. நாலாவது, எல்லாவற்றிலும் தடித்தது, அடிமட்ட சுரங்கள் எல்லாம் குடியிருக்கும் கம்பி, வாய்க்குள்ளேயே முணுமுணுத்தது.

அவர் கலங்கியதற்குக் காரணம் இருந்தது. ஐந்து வாரத்தில் அவருடைய லிஃப்ட் நிறுவனத்தின் ஆண்டு விழா. அதில் எங்கள் குழு வாசிக்கட்டும் என்று மேனேஜரிடம் வாய் திறந்து கேட்டு வாங்கியவர் அவர்தான். இத்தனை வருஷத்தில் அந்த நிறுவனத்திடம் அவர் கேட்ட முதல் விஷயம் அது. சம்பள உயர்வைக்கூட அவர் கேட்டதில்லை, அதுவாக வரட்டும் என்று இருந்துவிட்டார். அதுவும் பெரும்பாலும் வரவில்லை.

பழுது என்று வந்துவிட்டால் அவர் வேறு ஆள். முதுகு நிமிரும். பையிலிருந்து நீல அட்டை போட்ட சர்வீஸ் நோட்டு வெளியே வரும். புகார், காரணம், எடுத்த நடவடிக்கை, பலன் என்று கோடு போட்டு, கடைசிக் கட்டத்தில் வாடிக்கையாளர் கையொப்பம். வாடிக்கையாளர் என்ற முறையில் மருந்துக்கடை அம்மா ஒவ்வொரு ஞாயிறும் கையெழுத்துப் போட்டார். "ஒரு நேரத்துல ஒண்ணே ஒண்ணத்தான் மாத்தணும் சார். ரெண்டை மாத்தினா எதனால சரியாச்சுன்னு தெரியாது" என்பது அவர் கொள்கை.

முதல் வாரம் கம்பியை மாற்றினார். புதுக் கம்பி பளபளவென்று இருந்தது, அதுவும் முணுமுணுத்தது. அடுத்தது காந்தம். கம்பிகளுக்கு அடியில் ஒரு காந்தப் பட்டை இருக்கிறது. கம்பியின் அசைவைப் பிடித்து ஒலிபெருக்கிக்கு அனுப்புவது அதுதான். அதன் இரு முனையிலும் உள்ள திருகாணிகளைத் திருகினால் பட்டை ஏறும், இறங்கும். கம்பிக்கு நெருங்கினால் சத்தம் கூடும். லிஃப்ட் பிரேக்கின் இடைவெளியை அளக்கிற மெல்லிய தகடுகளை இடையில் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கால் திருகு, அரைத் திருகு என்று ஏற்றினார். ஒரு கட்டத்தில் காந்தம் கம்பியைத் தன் பக்கம் இழுக்க ஆரம்பித்து, சுருதி தள்ளாடியது. முணுமுணுத்த கம்பி இப்போது தள்ளாடிக்கொண்டே முணுமுணுத்தது. பழையபடி இறக்கினார்.

மூன்றாவது வாரம் உள்ளே இருந்த ஒயர்களை எல்லாம் புதிதாகப் பற்றவைத்தார். ஒலிபெருக்கியை அறையின் நாலு மூலையிலும் வைத்துத் தரையில் சாக்பீஸால் குறி போட்டார். மறுநாள் வகுப்புக்கு வந்தவர்கள் வண்டி நிறுத்தும் இடம் என்று நினைத்துக் குறிக்குள் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்களாம். வார நடுவில் கிடார் கடைக்கும் தூக்கிக்கொண்டு போனார். கடைக்காரர் வாசித்துக் காட்ட, நாலு கம்பியும் ஒன்றுபோல முழங்கியிருக்கிறது. அதிலும் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. "லிஃப்டும் அப்படித்தான் சார். மெக்கானிக் வந்து நின்னா ஒழுங்கா ஓடும். வந்து வந்து போற பழுதுதான் இருக்கறதுலயே மோசம்" என்றார்.

இதற்கிடையில் டிரம்ஸ்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, விழாவில் பேஸை நானே கீபோர்டில் இடது கையால் வாசித்துவிட முடியுமா என்று கேட்டார். அண்ணன் மனசு நோகாமல் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. லிஃப்ட்காரர் மேலுள்ள பிரியம் ஒரு பக்கம் இருக்கட்டும். என் இடது கைக்கு, வலது கை வாசிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்க மட்டுமே தெரியும்.

நாலாவது ஞாயிறு. எங்கோ ஒருவர் லிஃப்டில் மாட்டிக்கொண்டு போன் செய்தார். லிஃப்ட்காரர் கிடாரை நாற்காலியில் சாய்த்துவிட்டு, கிசுகிசுக்க வெளியே போனார். டிரம்ஸ்காரர் சும்மா இருக்க மாட்டாதவர். கிடாரை எடுத்து மடியில் வைத்து, நாலாவது கம்பியை ஒரே இழுப்பாக இழுத்து விட்டார்.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. 'ஒலி எழுப்பத் தடை' ஓர் ஆணியிலிருந்து நழுவித் தலைகீழாகத் தொங்கியது.

லிஃப்ட்காரர் ஓடி வந்தார். தரையை அழுத்திப் பார்க்கக்கூட இல்லை. "யாரும் அசையாதீங்க. எதையும் தொடாதீங்க" என்றார். போன் இன்னும் கையில் இருந்தது. லிஃப்டுக்குள் இருந்தவர் தனக்குத்தான் சொல்கிறார் என்று நினைத்து, ஆள் வந்து கதவைத் திறக்கும்வரை சிலைபோல நின்றதாகப் பிறகு தெரிந்தது.

எந்த ஒயரில் கை பட்டது என்று லிஃப்ட்காரர் கேட்டார். எதிலும் படவில்லை என்றார் டிரம்ஸ்காரர். லிஃப்ட்காரர் கிடாரை வாங்கி வாசித்தார், முணுமுணுப்பு. டிரம்ஸ்காரர் வாங்கி வாசித்தார், முழக்கம். மூன்று முறை கை மாறியது. அதே கம்பி, அதே ஒயர், அதே ஒலிபெருக்கி. மாறியது ஒன்றே ஒன்று. அதை அவரிடம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

லிஃப்ட்காரர் நோட்டை எடுத்தார். காரணம் என்ற இடத்தில் 'வாசிப்பவர்' என்று எழுதினார். நடவடிக்கை என்ற இடத்தை விட்டுவிட்டார். மருந்துக்கடை அம்மா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

அதன் பிறகுதான் அவர் விரல்களைக் கவனித்தோம். மற்ற மூன்று கம்பிகளையும் விரல் இழுத்து விட்டது. நாலாவதை, தூங்குகிற குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதுபோலத் தொட்டது. பலமாக அடியுங்கள் என்றோம். முயன்றார். கம்பிக்கு ஓர் அங்குலம் முன்பே விரல் தானாக வேகம் குறைந்தது. அதைப் பார்த்து எங்களைவிட அவர்தான் அதிகம் ஆச்சரியப்பட்டார்.

அன்று ஒலிபெருக்கியோடு அவரை நான்தான் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். இரண்டாம் மாடி. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் அவர் மனைவி, விஷயத்தைக் கேட்டுக்கொண்டே துணி மடித்தார். "கீழ்வீட்டு அம்மாவாலதான் இவருக்கு இப்படி ஆயிடுச்சு" என்றார் சாதாரணமாக.

பதினோரு வருஷம் முன்பு இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று மாலை, லிஃப்ட்காரர் ஆசையாகக் கிடாரை எடுத்து நாலாவது கம்பியை மீட்டியிருக்கிறார். கீழேயிருந்து கூரையில் 'டொக் டொக்' என்று கட்டையால் இடிக்கிற சத்தம். அன்றிலிருந்து, தினமும் மாலை ஆறிலிருந்து ஏழுவரை பழகும்போதெல்லாம், அந்தக் கம்பியை அவர் தடவத்தான் செய்கிறாராம்.

தினமும் இடிப்பார்களா என்று கேட்டேன்.

"அன்னிக்கு ஒரே ஒரு தடவைதான்" என்றார் மனைவி.

நான் லிஃப்ட்காரரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே போய்ப் பேசிவிடலாம் என்று நான்தான் எழுந்தேன். பதினோரு வருஷ மன்னிப்பை எந்த வார்த்தையில் தொடங்குவது என்று லிஃப்ட்காரர் படியிறங்கும்போது முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

கீழ்வீட்டு அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபதைத் தாண்டிய வயதிலும் கதவைத் தட்டும் முன்பே திறந்தார். காலடிச் சத்தம் கேட்டதாம். லிஃப்ட்காரர் தலையைக் குனிந்துகொண்டு, அந்த இடியைப் பற்றிச் சொல்லி, கிடார் சத்தத்துக்காக மன்னிப்புக் கேட்டார்.

அந்த அம்மாவுக்கு எந்த இடியும் நினைவில்லை. "ஒட்டடை அடிச்சிருப்பேன் தம்பி" என்றார். பிறகு திடீரென்று கண்களைச் சுருக்கினார். "இருங்க. கிடாரா? சாயந்திரம் ஆறு மணிக்கா? ம்ம்ம்னு வருமே, அதா?"

அதுதான் என்றார் லிஃப்ட்காரர், இன்னும் குனிந்து.

அந்த அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மற்ற கம்பிகளின் சத்தம் தளத்தைத் தாண்டவில்லை, தடித்த கம்பியின் அதிர்வு மட்டும் கீழே இறங்கியிருக்கிறது. அந்த 'ம்ம்ம்' தன் ஃப்ரிட்ஜிலிருந்து வருகிறது என்றே இத்தனை காலமும் நினைத்திருக்கிறார். மெக்கானிக்கை மூன்று முறை வரவழைத்தார். மெக்கானிக் காலையில் வருவார், சத்தம் மாலையில் வரும். நாலு வருஷம் முன்பு ஃப்ரிட்ஜையே மாற்றினார். புதியதும் ஆறு மணிக்கு முனகியது. வெளியூரில் இருக்கிற மகனிடம் சொன்னார். அவன் முதலில் சிரித்தான், பிறகு கவலைப்பட்டான். இப்போது காது டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறான். அதற்குப் பிறகு மனநல டாக்டரையும் பார்த்துவிடலாம் என்று மருமகள் சொல்லியிருக்கிறாள்.

"முப்பத்தி ரெண்டு வருஷம் இந்தக் காதுதான் எனக்குச் சோறு போட்டுது. அதுல இல்லாத சத்தம் கேக்குதுன்னு சொல்றான்" என்றார். உடனே மகனுக்குப் போன் போட்டார். ஒன்றும் பேசாதே, கேள் என்று அவனுக்கு உத்தரவு. லிஃப்ட்காரருக்கு ஒன்று: "மேல போய் வாசிங்க தம்பி."

அவர் மாடியேறினார். நான் கீழேயே இருந்தேன். அந்த அம்மா ஸ்டூலில் ஏறி, போனைக் கூரையை நோக்கி நீட்டிக்கொண்டு நின்றார். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். மேலேயிருந்து மெலிதாக 'ம்ம்ம்' வந்தது. மகனுக்கு எதுவும் கேட்கவில்லை. ஒன்றும் இல்லையேம்மா என்று அவன் ஆறுதலாகச் சொல்வது என் காதிலேயே விழுந்தது. அந்த ஆறுதல்தான் அந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

கழுத்தை நிமிர்த்தி, கூரையைப் பார்த்து, ஒரு காலத்தில் வெளியூர்க்காரர்களுக்கெல்லாம் இணைப்புக் கொடுத்த குரலில் கூப்பிட்டார்: "தம்பி, பலமா. அவனுக்குக் கேக்கணும்."

கொஞ்சம் கூடியது. போதவில்லை. "இன்னும். எனக்குப் பைத்தியம்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க, தம்பி."

ஒரு விநாடி மேலே எந்தச் சத்தமும் இல்லை. அப்புறம் விழுந்தது பாருங்கள் ஒரு அடி. அலமாரியில் தட்டுகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. என் கையிலிருந்த ஸ்டூல் அதிர்ந்தது. இன்னொரு அடி, இன்னொன்று, பிறகு வரிசையாக. தொந்தரவு செய்யக் கூசிய மனிதருக்குத் தொந்தரவு செய்வதே உதவி என்று ஆனதும், விரல் தயங்குவதை மறந்துவிட்டது.

போனில் மகன் என்னம்மா அது என்று அலறினான். "மாடிவீட்டுத் தம்பி கிடார் வாசிக்கிறார்" என்று நிதானமாகச் சொல்லி, ஸ்டூலிலிருந்து இறங்கினார். டாக்டரிடம் வாங்கிய நேரத்தை மருமகளுக்குக் கொடுக்கச் சொல்லி, போனை வைத்துவிட்டார்.

ஆண்டு விழாவன்று மண்டபத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். கீழ்வீட்டு அம்மாவும் வந்து, லிஃப்ட்காரர் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என் இடது கை தன் பழைய வேலையான வேடிக்கை பார்ப்பதிலேயே நிம்மதியாக இருந்தது. முதல் பாட்டின் பல்லவியில் லிஃப்ட்காரர் நாலாவது கம்பிக்கு இறங்கியபோது, மருந்துக்கடை அம்மா பாடிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். பிறகு கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டு நிம்மதியாகப் பாடினார். முன்வரிசையில் மேனேஜர், இவர் நம்ம ஆளா என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசிப் பாட்டு முடிந்தது. டிரம்ஸ்காரர் தன் வெண்கலத் தட்டுகளைக் கையால் பிடித்து நிறுத்தினார், நான் விரல்களை எடுத்தேன். தடித்த கம்பி மட்டும் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது. உள்ளங்கையை வைத்து அமுக்க வேண்டியது லிஃப்ட்காரரின் வேலை. அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அதுவாக ஓயும்வரை நின்றார்.